உலராத வியர்வை

சித்திரை பிறந்துவிட்டால் தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் ஊர்ப் பெயர்களும் டிகிரிக் கணக்குகளும் ஓடத் தொடங்கிவிடும். 40-ஐத் தாண்டிய ஊருக்கு அன்றைய செய்தியில் இடம் உண்டு. தாண்டாத ஊர் தப்பித்த ஊர். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்தே சோதித்துவிடலாம். மேற்கே விராலிமலைப் பக்கம் ஒரு பிற்பகலில் 41 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் கிழக்கே கோட்டைப்பட்டினத்தில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். எச்சரிக்கையும் தலைப்புச் செய்தியும் விராலிமலைக்குத்தான் போகும். ஆனால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்புக்குத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழி குறுகலாக இருப்பது கோட்டைப்பட்டினத்தில்தான். கோடையின் ஆபத்தை வெப்பமானியின் உச்ச எண்ணை வைத்து அளப்பது போதாது, தோலில் ஊறும் வியர்வை உலர முடிகிறதா என்பதை வைத்து அளக்க வேண்டும் என்பதே என் வாதம். அப்படி அளக்கத் தொடங்கினால், நாம் நம்பியிருக்கும் சில பாதுகாப்புகள் அரைகுறை என்றும், சில பாதுகாப்புகள் ஊருக்கு ஊர் மாறவேண்டியவை என்றும் தெரியவரும்.

உடம்பு சும்மா இருந்தாலே மணிக்கு 80 முதல் 100 கிலோகலோரி வரை வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. கடப்பாரை பிடித்துக் குழி தோண்டினால் அது நான்கு மடங்காகும்; தசை செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பமே. இதை வெளியேற்றாவிட்டால் உள்ளுடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து ஏறத் தொடங்கும். மார்கழியில் வெளியேற்றுவது எளிது. தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்க, சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால் வெப்பம் தானாகவே வெளியே போகும். காற்றும் 35 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. அதற்கு மேல் போனால் காற்றே உடம்பைச் சுடவைக்கும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகிறது. ‘ஆவியானால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்திலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. மண்பானையில் நடப்பதும் இதுதான். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் உலரும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மேற்கே அன்னவாசலில் நன்றாகக் குளிரும் அதே பானை, காற்று ஓய்ந்த புழுக்க நாளில் கடற்கரை ஊரில் ஏமாற்றிவிடும். பானையின் மீது குற்றமில்லை. நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இல்லை.

அந்த இடம் எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். 35 டிகிரியில் உள்ள நனைந்த தோலின் ஆவியழுத்தம், அதாவது அங்குள்ள நீராவியின் அழுத்தம், சுமார் 5.6 கிலோபாஸ்கல். விராலிமலைக் காற்றின் ஆவியழுத்தம், நம் கணக்குப்படி, 2-க்கும் சற்றுக் குறைவு. கோட்டைப்பட்டினத்தில் அது 4-ஐ ஒட்டியிருக்கும். தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் வியர்வையை உலரவைக்கும் விசை. மேற்கில் 3.7 இருக்கும் அது கிழக்கில் 1.7, பாதிக்கும் குறைவு. இதையே ஒற்றை எண்ணாகச் சொல்ல ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது எந்த அளவுக்குக் குளிர்கிறதோ, அதுவே ஈரக்குமிழ் அளவு. விராலிமலை உதாரணத்தில் இது 25 டிகிரி, கோட்டைப்பட்டினத்தில் 30. மனித உடல் தாங்கக்கூடிய உச்சம் 35 டிகிரி ஈரக்குமிழ் என்று ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இருவர் 2010-இல் கோட்பாட்டளவில் கணித்தார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உள்ளுடல் வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்குவதை 2022-இல் கண்டார்கள். வறண்ட, கடும் வெப்பத்தில் எல்லை இன்னும் கீழே இருந்தது. காரணம், அங்கே எவ்வளவு வேகமாக உலர்ந்தாலும் அந்த வேகத்துக்கு உடம்பால் வியர்வை சுரக்க முடிவதில்லை. ஆகவே விராலிமலை பாதுகாப்பானது என்பதல்ல என் கட்சி. அங்கே தட்டுப்பாடு நீருக்கு, கடற்கரையில் தட்டுப்பாடு உலர்வதற்கு. நோய் ஒன்றானாலும் வரும் வாசல் வேறு.

மாவட்டத்தின் அமைப்பே இந்த இரட்டை நிலையை உண்டாக்குகிறது. புதுக்கோட்டை நகரம் வட அட்சம் 10.4 டிகிரியை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 17 வாக்கில், அதாவது சித்திரை முதல் வாரத்திலேயே, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. தரையும் பாறையும் வெப்பத்தைச் சேர்த்துவைக்க நாள் பிடிப்பதால் உச்ச வெப்பம் மே மாதத்தில், அக்னி நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது. அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து இறங்கும் மேலைக்காற்று இலுப்பூர், குடுமியான்மலைப் பக்கத்தை வறட்டுகிறது. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் உள்ள மொட்டைப் பாறைகள் பகலில் குடித்த சூட்டை முன்னிரவு முழுவதும் கக்குகின்றன. கிழக்கில் கதை வேறு. மீமிசல், மணமேல்குடி, கட்டுமாவடிக்கு எதிரே கிடக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கோடையில் அதன் மேல்நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதன் மீது தவழ்ந்து வரும் கடல்காற்று பகல் வெப்பத்தைத் தணிக்கிறது, கூடவே ஈரத்தைச் சுமந்து வருகிறது. காற்று வீசும்வரை பரவாயில்லை. இரவில் அது நின்றுவிட்டால் ஈரம் மட்டும் மிஞ்சும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப அலை வரையறை இந்தக் கிழக்குப் பக்கத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. சமவெளியில் 40 டிகிரியை, கடற்கரையில் 37 டிகிரியைத் தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் வெப்ப அலை. அல்லது எங்கானாலும் 45-ஐத் தொட வேண்டும். 35 டிகிரியில் நாள் முழுக்கப் புழுங்கும் ஊர் இந்தக் கணக்குக்குள் நுழையவே நுழையாது. வெப்ப இரவு என்ற எச்சரிக்கைக்கும் பகல் வெப்பம் 40-ஐத் தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இரவுப் புழுக்கம் அதிகமுள்ள கரையோரத்தில் பகல் 40 அபூர்வம் என்பதால் அந்த எச்சரிக்கைக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. துறை இதை அறியாமல் இல்லை. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை 2023-இல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. ஆனால் செய்தியிலும் பேச்சிலும் அரசாணையிலும் ஆட்சி செய்வது இன்னும் அந்த ஒற்றை உச்ச எண்தான்.

நிழலை விட்டு வெயிலில் இறங்கினால் கணக்கில் இன்னொரு வரி சேர்கிறது. 1950-களில் அமெரிக்கக் கடற்படைவீரர் பயிற்சி முகாம்களில் வெயிலில் சுருண்டு விழும் இளைஞர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஓர் அளவு உருவாக்கப்பட்டது. ஈரக்குமிழ் அளவுக்கு ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்துக்கு இரண்டு பங்கு, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு ஒரு பங்கு. வெப்பமானி காட்டும் எண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத் தர நிர்ணயப்படி, வெயிலுக்குப் பழகிய ஒருவர் இந்த அளவு 28 டிகிரிக்குள் இருக்கும்வரை நடுத்தர உழைப்பையும், 26-க்குள் இருக்கும்வரை கடும் உழைப்பையும் இடைவிடாமல் செய்யலாம். ஈரக்குமிழ் 27, கறுப்புக் கோளம் 52, காற்று 38 என்றுள்ள ஒரு மே மாத நண்பகலில் இது 33-ஐத் தாண்டுகிறது. கல்குவாரியில் ஜல்லி உடைப்பவரும், செங்கல் சூளையில் கல் அடுக்குபவரும், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் மண் அள்ளும் பெண்களும் இந்த எல்லைக்கு வெகு மேலே நின்றுதான் வேலை செய்கிறார்கள். ஆதனக்கோட்டைச் சாலையோரம் விறகடுப்பில் முந்திரிக்கொட்டை வறுக்கும் பெண்களுக்கு வெயிலோடு தீயின் கதிர்வீச்சும் சேர்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களிடம் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டன. ஹீட் ஸ்ட்ரோக் வந்து விழுவது மட்டுமே வெயிலின் தீங்கு அல்ல.

மேலே சொன்ன நண்பகலில் ஒரு நல்ல மரத்தடிக்கு வந்தால் கறுப்புக் கோளத்தின் அளவு 40-க்கு இறங்கும். மொத்தக் குறியீடு இரண்டு டிகிரிக்கு மேல் குறையும். மரம் காற்றைக் குளிர்விக்கிறது என்று சொல்வதைவிட, வெயிலுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறது என்பதே சரி. எந்த மரம் என்பதும் முக்கியம். மாவட்டத்தின் மேடுகளில் பரந்து கிடக்கும் தைலமரக் காட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மரம் உண்டு, நிழல் இல்லை. அதன் இலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் உச்சி வெயில் இடையில் புகுந்து தரைக்கு வந்துவிடுகிறது. புங்கையும் புளியும் வேம்பும் அப்படியல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பலாவையும் தென்னையையும் முந்திரியையும் சாய்த்தபோது விளைச்சல் இழப்பு மட்டும்தான் கணக்கில் எழுதப்பட்டது. அந்த நிழலுக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் உடம்புக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது.

‘நம் ஆட்கள் வெயிலுக்குப் பழகியவர்கள், பாட்டன் காலத்திலிருந்து பார்த்த வெயில்தானே’ என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. பழக்கம் உண்மைதான், உடலியலில் நிறுவப்பட்டதும்கூட. பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், கூடுதலாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். ஆனால் இவையெல்லாம் வியர்வையைக் கூட்டும் வித்தைகள். காற்று வாங்க மறுத்தால் கூடுதல் வியர்வை தரையைத்தான் நனைக்கும். சில வாரம் வேலை விட்டிருந்தாலே பழக்கம் கலைந்துவிடும் என்பதால், புதிதாக வேலைக்கு வருபவருக்கும் நீண்ட விடுப்புக்குப் பின் திரும்புபவருக்கும் முதல் சில நாள்களே அபாயமானவை. பாட்டன் பூட்டனைப் பொறுத்தவரை, அவர்கள் விடியலில் ஏர் பூட்டி உச்சிக்கு முன் அவிழ்த்தவர்கள். மணிக்கணக்குக் கூலியும் ஒப்பந்தக் கெடுவும் அவர்களை நண்பகலில் நிறுத்தவில்லை. அவர்கள் உறங்கிய கூரையும் வேறு.

இந்தக் கூரை விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பகலில் ஏறிய சூட்டை உடம்பு இறக்கிவைக்கும் நேரம் இரவுதான். இரவிலும் இறங்காவிட்டால் மறுநாள் காலையிலேயே இதயம் களைத்த நிலையில் தொடங்கும். தொடர் வெப்பநாள்களில் முதியவர்களின் மரணம் கூடுவதற்கு இது ஒரு காரணம். தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெயில் ஏறியதும் சுடும், வெயில் இறங்கியதும் ஆறிவிடும். கான்கிரீட் தளம் நேர்மாறு. நண்பகலில் மேலே விழுந்த வெப்பம் தளத்தின் கனத்தைக் கடந்து உட்கூரைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் படுக்கப்போகும் நேரத்திலும் கூரை உள்நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்கிறது. மாவட்டத்தின் தென்பகுதியில் ராயவரம், ராமச்சந்திரபுரம், கோனாபட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளில் அடுக்கடுக்காய் வேய்ந்த ஓடும், சுண்ணாம்புக் காரையின் கனத்த சுவரும், சூடேறிய காற்று மேலே தப்பிக்கும் முற்றமும் இருந்தன. அவை செல்வந்தர் வீடுகள், எல்லோருக்கும் வாய்த்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் குடிசைக்காரரின் கீற்றும்கூட வெப்பத்தை உள்ளே விடுவதில் தொகுப்பு வீட்டின் கான்கிரீட்டைவிடச் சோம்பலானது. தீயும் மழையும்தான் அதன் பகை. இன்றைய கான்கிரீட்டுக்குச் செலவு குறைந்த மருந்து, தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. வெயிலில் பாதிக்கு மேல் அது வந்தவழியே திருப்பியனுப்பிவிடும். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கும் வெள்ளையை மாசி முடிவதற்குள் மொட்டைமாடிக்கும் ஒரு கை அடித்துவிட்டால் போதும். மழை கரைத்துவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்ற குறை அதற்கு உண்டு.

வீட்டுக்குள் வைக்கும் கருவிகளிலும் ஊருக்கு ஊர் நியாயம் மாறுகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை; தோலருகே தேங்கிய ஈரத்தை விரட்டி வியர்வை உலர உதவுகிறது. கோட்டைப்பட்டினத்துப் புழுக்கத்தில் அது உயிர் காக்கும் கருவி, மின்வெட்டு அங்கே வெறும் சிரமம் அல்ல. வறண்ட 41 டிகிரியில், வியர்வை குறைந்துபோன ஒரு முதியவர் மீது அதே விசிறி அனலை வீசிச் சூட்டை ஏற்றக்கூடும். அங்கே ஈரத்துணியால் உடம்பை நனைத்துக்கொண்டு விசிறியடியில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் விராலிமலையில் நல்ல வேலை செய்யும். கடற்கரையில், அதுவும் சன்னலை அடைத்துக்கொண்டு ஓட்டினால், ஏற்கெனவே ஈரமான அறைக்கு மேலும் ஈரத்தை ஊட்டும். ஏசி இரண்டையும் தீர்க்கும், மறுப்பதற்கில்லை. வாங்க முடிந்தவர்கள் சிலர், அது அறைக்கு வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டுக்கு, ஜல்லி உடைக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரையோடு நம் பிரசாரம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தண்ணீர் வியர்வைக்கான மூலப்பொருள், தட்டுப்பாடு நீருக்காக இருக்கும் மேற்குப் பகுதியில் அதுவே முதல் காப்பு. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகும்; தாகம் எப்போதும் பின்தங்கியே வரும்; எனவே கால்மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று குடிக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்தே, இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். உப்பிட்ட நீர்மோரும் பழையசோற்று நீராகாரமும் இங்கே வெறும் பாரம்பரியப் பெருமை அல்ல, சரியான சேர்மானம். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். அதை மட்டும் நம்பி வயலில் நிற்க முடியாது. ஆனால் எவ்வளவு குடித்தாலும் உலராத வியர்வை குளிர்விக்காது. நீரோடு நிழலும் காற்றும் ஓய்வும் சேராவிட்டால் பாதிப் பாதுகாப்புதான்.

‘எங்கள் பக்கத்தில் வெயிலால் யாரும் செத்ததாகக் கேள்விப்படவில்லையே’ என்பார்கள். வெயில் தன் பெயரில் கொல்வதில்லை என்பதே காரணம். சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கும், சிறுநீரகக் கோளாறு என்றிருக்கும். அகமதாபாத்தில் 2010 மே மாத இறப்புகளை முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டபோதுதான் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது வெளியில் தெரிந்தது. அதன் பிறகே, 2013-இல், அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்று ஆணையிட்டது நல்ல தொடக்கம். ஆனால் மரணத்துக்குக் காரணம் வெயில் என்று எழுதப்பட்டால்தான் அது கைக்கு வரும். உயிர் போகாமல் தடுப்பதிலும் ஒரு விஷயம் இன்னும் பரவவில்லை. வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ தள்ளாடினாலோ நினைவிழந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ள வேண்டும். தோல் வறண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, உழைத்து விழுந்தவர் வியர்த்தும் இருப்பார். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். பம்புசெட் தொட்டி அருகில் இருந்தால் தலை மேலிருக்கப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம்; இல்லாவிட்டால் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இங்கே உதவாது. முதல் அரைமணி நேரம்தான் மூளையைக் காப்பாற்றும்.

மிச்சமிருப்பது வேலைநேரம். அதிகாலையில் தொடங்கி 10, 11 மணிக்குள் கனமான வேலையை முடித்துவிடலாம் என்றால், காலையில் ஈரப்பதம் 85 சதவீதம் இருக்கிறதே, அது மோசமில்லையா என்று கேட்கலாம். ஈரப்பத சதவீதம் வெப்பத்தோடு மாறும் அளவு. 27 டிகிரியில் 85 சதவீதம் என்பதன் ஆவியழுத்தம் 3 கிலோபாஸ்கல். 35 டிகிரியில் 70 சதவீதத்தின் 4-ஐவிடக் குறைவு. காற்றே தோலைவிட எட்டு டிகிரி குளிர்ந்திருப்பது வேறு. காலைதான் நல்லது. கூலி போய்விடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு, அதைக் கருவிகளால் தீர்க்க முடியாது. இந்த மாவட்டத்திலிருந்து பலர் வேலைக்குப் போகும் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. மேலே சொன்ன கறுப்புக் கோளக் குறியீடு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. அங்கே மாதச் சம்பளம், இங்கே அன்றாடக் கூலி என்ற வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் நூறு நாள் வேலையிலும் அரசு ஒப்பந்தச் சாலைப் பணியிலும் நேரத்தையும் கூலியளவையும் தீர்மானிப்பது அரசே. மாற்றத்தை அங்கிருந்து தொடங்கலாம். அதற்கு உள்ளூர் அளவு வேண்டும். மீமிசல், மணமேல்குடி, ஆதனக்கோட்டை, குடுமியான்மலை, விராலிமலை என்று ஊர்வாரியாக மழையளவைக் குறித்து வெளியிடும் மாவட்டம் இது. மழைமானி இருக்கும் அதே இடங்களில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றையும் கறுப்புக் கோளம் ஒன்றையும் வைத்து, பங்குனி முதல் ஆனி வரை காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் பார்த்து எழுதினால், மணமேல்குடியில் எத்தனை மணிக்கு மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டும், விராலிமலையில் எத்தனை மணிக்கு என்பதைத் தனித்தனியே சொல்லிவிட முடியும்.